டாலி பார்ட்டன்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

பல வருடமாக டாலி பார்ட்டன் பாட்டு கேட்கிறேன். காரில் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது கேட்பார். வீட்டில் போட்டால் அக்கா மகள் கேட்பாள். யார் கேட்டாலும் கேள்விகள் என்னவோ கிட்டத்தட்ட ஒன்றேதான். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஏதாவது விட்டுப்போகிறது, அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

டாலி பார்ட்டன்னா யாரு? தங்க நிறத்துல உசரமா முடி வச்சுக்கிட்டு, மினுமினுன்னு டிரெஸ் போடுவாங்களே, அந்த அம்மாவா?

ஆமாம், அவரேதான். 1946 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், செவியர் கவுண்டியின் மலைப்பகுதியில் பிறந்தவர். பாடகி, நடிகை, பெரிய தொழில்களின் பங்குதாரர். ஆனால் என்னைக் கேட்டால் அவர் முதலில் பாட்டு எழுதுகிறவர், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சுமார் 3,000 பாட்டு எழுதியிருப்பதாக அவரே சொல்வதுண்டு. பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் அவருடைய 25 பாட்டுகள் முதலிடத்துக்கு வந்திருக்கின்றன.

கன்ட்ரி மியூசிக்னா நம்ம ஊர் நாட்டுப்புறப் பாட்டு மாதிரியா?

வேர் அப்படிப்பட்டதுதான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்திலிருந்து வந்து அப்பலாச்சியன் மலைகளில் குடியேறியவர்கள் கதைப்பாடல்களையும் ஃபிடில் என்று அவர்கள் சொல்லும் வயலினையும் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடமிருந்து பாஞ்சோ என்ற கம்பிக்கருவி வந்தது. தேவாலயப் பாட்டும் கூடச் சேர்ந்துகொண்டது. 1920களில் ரேடியோவும் இசைத்தட்டும் பரவியபோது இந்தத் திண்ணைப் பாட்டு ஒரு தொழிலாக மாறியது. 1925இல் கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில் நகரத்து வானொலியில் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. அதன் மேடையில் ஏறுவதுதான் ஒரு கன்ட்ரி பாடகருக்குப் பெரிய மரியாதை.

நாட்டுப்புறப் பாட்டுக்கு எழுதியவர் பெயர் தெரியாது. கன்ட்ரி பாட்டுக்குத் தெரியும். எழுதியவருக்குக் காசும் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரொம்ப ஏழைக் குடும்பம்னு சொல்றாங்களே, அது நிஜமா, இல்ல பெரிய ஆளானப்புறம் சேர்த்த கதையா?

நிஜம். ஒரே அறை கொண்ட மர வீடு, மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. பன்னிரண்டு பிள்ளைகளில் டாலி நான்காவது. பிரசவம் பார்க்க வந்த மருத்துவர் ராபர்ட் தாமஸுக்கு அப்பா கொடுத்த கட்டணம் ஒரு மூட்டை சோள மாவு. அப்பா ராபர்ட் லீ பார்ட்டன் புகையிலை பயிரிட்டவர். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாத ஆள் என்று மகள் பெருமையாகச் சொல்வார்.

பள்ளிக்குப் போட்டுக்கொள்ள நல்ல கோட்டு இல்லாமல், அம்மா ஏவி லீ துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒன்று தைத்துக் கொடுத்தார். தைக்கும்போது, பைபிளில் வரும் யோசேப்பின் பலவருண அங்கியின் கதையைச் சொன்னார். ராஜகுமாரி மாதிரி நினைத்துக்கொண்டு போன சிறுமியைப் பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்து அழவைத்துவிட்டார்கள். 1969இல், டாலி பாட்டுக்குழுவோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது இந்த நினைவு பாட்டாக வந்தது. கையில் காகிதம் இல்லை. குழுத் தலைவரின் உடைகளைச் சலவைக்குப் போட்ட ரசீதின் பின்புறத்தில் எழுதினார். 1971இல் வந்த 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' அதுதான். பாட்டு வெற்றி பெற்ற பிறகு அந்த ரசீதைக் கண்ணாடி பிரேம் போட்டு வைத்தார்கள். தான் எழுதியதில் தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று டாலி பலமுறை சொல்லியிருக்கிறார்.

பாட்டு யார் சொல்லிக் கொடுத்தாங்க?

முறையாக யாரும் இல்லை. அம்மா வீட்டில் பழைய கதைப்பாடல்கள் பாடுவார், தாத்தா தேவாலயப் போதகர், மாமா பில் ஓவன்ஸ் கித்தார் வாசிப்பார். ஐந்தாறு வயதில், சோளக்கதிரால் செய்த பொம்மையைப் பற்றி டாலி ஒரு பாட்டுக் கட்டினார். அவருக்கு எழுதத் தெரியாத வயது என்பதால் அம்மா எழுதி வைத்தார். உடைந்த மாண்டலினில் பழைய கித்தார் கம்பிகளைக் கட்டி வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு எட்டு வயதில் நிஜக் கித்தார் கிடைத்தது, மாமா ஒருவர் கொடுத்தது. பத்து வயதில் நாக்ஸ்வில் ரேடியோவிலும் டிவியிலும் பாட ஏற்பாடு செய்தவர் பில் மாமா. பதின்மூன்று வயதில் மேலே சொன்ன ஆப்ரி மேடை. அன்று அவரை அறிமுகம் செய்தவர் பெரிய கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ்.

1964இல் பள்ளிப்படிப்பை முடித்தார். அந்தக் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்த முதல் ஆள். விழாவில், நாஷ்வில் போய்ப் பெரிய பாடகி ஆகப்போகிறேன் என்று சொன்னபோது கூட்டம் சிரித்ததாம். மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' விட்னி ஹூஸ்டன் பாட்டுதானே? இவங்க அதைத் திரும்பப் பாடினாங்களா?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. எழுதியவரும் முதலில் பாடியவரும் டாலிதான். 1973இல் பதிவாகி, 1974இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் வந்தது. 1982இல் ஒரு படத்துக்காக அவரே மறுபடி பாடி, மறுபடியும் முதலிடம். விட்னி பாடியது 1992இல், 'தி பாடிகார்ட்' படத்துக்காக. அது அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

விட்னியின் பதிவு முதன்முதலில் கார் ரேடியோவில் காதில் விழுந்தபோது, இடித்துவிடுவோமோ என்று வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டாராம் டாலி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். விட்னி பாடும்போது அது பெரிய காதல் முறிவு. டாலி பாடும்போது, அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் ஒரு பெண். கடைசிச் சரணத்தில் பாடுவதை விட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். அந்த இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

அது காதலனுக்கு எழுதின பாட்டு இல்லையாமே?

இல்லை. போர்ட்டர் வாகனருக்கு எழுதியது. மேலே சலவை ரசீது சொன்னேனே, அந்தக் குழுத் தலைவர். அவருடைய டிவி நிகழ்ச்சி அப்போது மிகவும் பிரபலம். அதில் பாடிக்கொண்டிருந்த நார்மா ஜீன் விலகியதும், 1967இல் டாலியைச் சேர்த்துக்கொண்டார். ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம். ஆரம்பத்தில் கூட்டம் டாலியை ஏற்கவில்லை, நார்மா ஜீன் எங்கே என்று கத்துவார்கள். போர்ட்டர் பக்கத்தில் நின்று தாங்கினார். இருவரும் சேர்ந்து பாடிய ஜோடிப் பாட்டுகள் வரிசையாக வெற்றி பெற்றன.

ஐந்து வருடம் என்று பேசிச் சேர்ந்தவர் ஏழு வருடம் இருந்தார். தனியாகப் போக வேண்டும் என்று சொன்னால் போர்ட்டர் கேட்கவில்லை, சண்டைதான். வாதாடி ஆகாது என்று தெரிந்து, ஒரு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து இந்தப் பாட்டை எழுதி, மறுநாள் அவர் அறைக்குப் போய்ப் பாடிக் காட்டினார். போர்ட்டர் அழுதுவிட்டார். போகலாம், ஆனால் இந்தப் பாட்டை நான்தான் தயாரிப்பேன் என்றார். அப்படியே நடந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1979இல் ஒப்பந்த மீறல் என்று போர்ட்டர் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. பிறகு இருவரும் சேர்ந்துவிட்டார்கள். 2007இல் ஆப்ரியில் போர்ட்டரின் ஐம்பதாவது ஆண்டு விழாவில் டாலி அவர் எதிரிலேயே இந்தப் பாட்டைப் பாடினார். அந்த அக்டோபரில் போர்ட்டர் இறந்தார். கடைசி நேரத்தில் டாலி போய்ப் பார்த்தார்.

எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைக் கேட்டும் கொடுக்கலையாமே? திமிரா?

திமிர் இல்லை, கணக்கு. அமெரிக்காவில் ஒரு பாட்டுக்கு வரும் வருமானத்தில் எழுத்தாளர் பங்கு என்று ஒன்று, பாட்டின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போகும் வெளியீட்டு உரிமைப் பங்கு என்று ஒன்று. அங்கே சாதாரண ரேடியோவில் பாட்டு ஒலிபரப்பானால் இந்த இரண்டு பங்குக்கும் காசு வரும், பாடியவருக்கு வராது. டாலி 1966இலேயே பில் மாமாவோடு சேர்ந்து சொந்த வெளியீட்டு நிறுவனம் தொடங்கியிருந்தார். அப்போது அவருக்கு இருபது வயது.

எல்விஸ் பாட ஆசைப்பட்டது உண்மை. டாலிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் பதிவுக்கு முந்தைய நாள், எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர், வெளியீட்டு உரிமையில் பாதியை எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார். எல்விஸ் தரப்பின் வழக்கம் அது, பலபேர் கொடுத்திருக்கிறார்கள். டாலி முடியாது என்றார், ராத்திரி முழுக்க அழுதார். ஊரே அவரைப் பைத்தியம் என்றது. பதினெட்டு வருடம் கழித்து விட்னி பாடியபோது அந்தப் பாதியும் டாலியிடமே இருந்தது. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை, நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு பகுதியில் கடைவளாகம் வாங்கப் போட்டதாக 2021இல் சொன்னார். விட்னி கட்டிய வீடு என்றே அதை நினைப்பதாகவும் சொன்னார்.

டாலியின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்விஸுக்கு மறுத்த நாளைத்தான் சொல்வேன்.

ஜோலீன்னு நிஜமாவே ஒரு பொண்ணு இருந்தாளா?

பெயர் ஒரு குழந்தையுடையது. நிகழ்ச்சி முடிந்து கையெழுத்து வாங்க வந்த, சிவந்த முடியும் பச்சைக் கண்ணும் கொண்ட சிறுமி தன் பெயர் ஜோலீன் என்றாள். பெயர் நன்றாயிருக்கிறது, உன் பெயரில் ஒரு பாட்டு எழுதுகிறேன் என்றார் டாலி. கதை வேறு இடத்திலிருந்து வந்தது. டாலியின் கணவரிடம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசிய ஒரு வங்கி ஊழியர் இருந்தார். வீட்டில் அது கேலிப்பேச்சாகவே ஓடியது.

பாட்டில் வரும் மனைவி அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. உன் அழகு எனக்கு இல்லை, அவரை விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். கணவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. 1973இல் வந்த பாட்டு, இரண்டே முக்கால் நிமிடம்கூட இல்லை. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டையும் இதையும் ஒரே நாளில் எழுதியிருக்கலாம் என்று டாலி சொல்லியிருக்கிறார்.

இவ்ளோ திறமை இருக்குறவங்களுக்கு எதுக்கு அந்த விக், மேக்கப் எல்லாம்?

சிறுவயதில் ஊரில் ஒரு பெண் இருந்தார். முடிக்குச் சாயம், சிவப்பு உதடு, இறுக்கமான உடை, உயரமான செருப்பு. ஊர்க்காரர்கள் அவரை நடத்தை சரியில்லாதவர் என்றார்கள். சிறுமி டாலிக்கோ அவரைவிட அழகானவர் உலகத்தில் இல்லை. வளர்ந்தால் இப்படித்தான் இருப்பேன் என்று முடிவு செய்துவிட்டார். பளபளப்பு ஒன்றுமே இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வந்த ஆசை அது.

முதல் பெரிய பாட்டே, தங்கமுடிக்காரி என்றால் முட்டாள் இல்லை என்று சொல்லும், 1967இல் பட்டியலுக்கு வந்த பாட்டுதான். பேட்டிகளில் மார்பைப் பற்றிக்கூடக் கேட்டிருக்கிறார்கள், முகத்துக்கு நேராக. சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, பேச்சைத் தன் பாட்டுக்குத் திருப்பிவிடுவார். அந்தப் பழைய பேட்டிகளைப் பார்க்கும்போது கேட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நடுவுல கன்ட்ரியை விட்டுட்டு பாப் பக்கம் போயிட்டாங்க இல்ல?

அப்படித்தான் நாஷ்வில்லில் பலர் குறைபட்டார்கள். 1977இல் 'ஹியர் யூ கம் அகெய்ன்' வந்தபோது அது பாப் பட்டியலில் மூன்றாமிடம் வரை போனது. அது அவர் எழுதியதும் இல்லை, பேரி மேனும் சிந்தியா வெய்லும் எழுதியது. கன்ட்ரி ரசிகர்கள் கைவிட்டுவிடுவார்களோ என்று டாலிக்கே பயம். அதனால் ஸ்டீல் கித்தார் கட்டாயம் வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் கெஞ்சிச் சேர்க்கவைத்தார். யாராவது இது கன்ட்ரி இல்லை என்றால் அதைக் காட்டலாமே! முதல் கிராமி விருது இதற்குத்தான் வந்தது.

1980களின் சில ஆல்பங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, கருவிகளின் சத்தத்தில் குரல் அமுங்கிப்போகிறது. ஆனால் 1987இல் பாடகிகள் லிண்டா ரான்ஸ்டாட், எமிலூ ஹாரிஸ் இருவரோடும் சேர்ந்து 'டிரியோ' செய்தார். 1999இல் 'தி கிராஸ் இஸ் ப்ளூ' என்று முழுக்க முழுக்க மலைநாட்டு புளூகிராஸ் ஆல்பம் (பாஞ்சோ, ஃபிடில் வைத்துப் பாடும் பழைய பாணிக் கன்ட்ரி) கொடுத்தார். விட்டுப்போனவர் செய்கிற காரியமா அது?

'நைன் டு ஃபைவ்' பாட்டுல டைப்ரைட்டர் சத்தம் வருதே, அது என்ன கதை?

பாதி டைப்ரைட்டர், பாதி நகம். 1980இல் ஜேன் ஃபோண்டா, லிலி டாம்லினோடு நடித்த படம். அலுவலகத்தில் பெண்கள் படும் பாட்டைச் சொல்வது. தலைப்புப் பாட்டை நான்தான் எழுதுவேன் என்ற நிபந்தனையோடுதான் டாலி நடிக்கவே ஒத்துக்கொண்டார். படப்பிடிப்பில் காத்திருக்கும் நேரத்தில், தன் நீளமான அக்ரிலிக் நகங்களை ஒன்றோடு ஒன்று உரசினால் டைப் அடிக்கும் சத்தம் வருவதைக் கண்டுபிடித்தார். அந்தத் தாளத்தை வைத்தே பாட்டு எழுதினார், பதிவிலும் அந்த நகச் சத்தம் இருக்கிறது. 1981இல் பொதுப் பட்டியலிலும் முதலிடம், இரண்டு கிராமி, ஆஸ்கர் பரிந்துரை.

கல்யாணம் ஆச்சா? வீட்டுக்காரரைப் பார்த்ததே இல்லையே?

யாரும் அவ்வளவாகப் பார்த்ததில்லை. நாஷ்வில் வந்த முதல் நாளே, கொண்டுவந்த அழுக்குத் துணியைத் துவைக்க 'விஷி வாஷி' என்ற சலவைக்கூடத்துக்குப் போனார். வண்டியில் போன இளைஞர் ஒருவர் நின்று பேசினார். அவர்தான் கார்ல் டீன். சாலைக்குத் தார் போடும் தொழில். இசை நிறுவனம் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னது. செய்தித்தாளில் வராமலிருக்க ஜார்ஜியா மாநிலத்தில் ரிங்கோல்டு என்ற சிற்றூருக்குப் போய், 1966 மே 30 அன்று திருமணம் செய்துகொண்டார்கள். அம்மா கூட இருந்தார். கணவர் ஒரே ஒரு விருது விழாவுக்கு வந்தார். இனி என்னை எங்கும் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டார், டாலியும் கூப்பிடவில்லை. கிட்டத்தட்ட 59 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். 2025 மார்ச் 3 அன்று கார்ல் இறந்தார். சில நாளில் அவருக்காக ஒரு பாட்டு வெளியிட்டார் டாலி.

குழந்தை இல்லை. 1980களில் உடல்நலக் காரணத்தால் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. தம்பி தங்கைகள் சிலரைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தார்.

குழந்தைகளுக்கு இலவசமா புத்தகம் அனுப்புறாங்களாமே, விளம்பரத்துக்கா?

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று மேலே சொன்னேன் இல்லையா, இது அவரிடமிருந்து தொடங்கியது. 1995இல் சொந்த மாவட்டமான செவியர் கவுண்டியில் மட்டும் ஆரம்பித்த 'இமாஜினேஷன் லைப்ரரி', பிறந்த குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்புகிறது. குழந்தையின் பெயரிலேயே வரும். வருமானச் சான்று எதுவும் கேட்பதில்லை. உள்ளூர் அமைப்புகளும் செலவில் பங்கேற்கின்றன. இப்போது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. பத்துக் கோடியாவது புத்தகத்தை 2018இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார்கள். 2023க்குள் இருபது கோடியைத் தாண்டிவிட்டது.

குழந்தைகள் டாலியைப் 'புத்தக அம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்கும்வரை அப்பா உயிரோடு இருந்தார். 1987இல் செவியர்வில் நீதிமன்றத்தின் முன்னால் டாலிக்குச் சிலை வைத்தார்கள். ராத்திரியில் அப்பா வண்டியில் சோப்புத் தண்ணீர் வாளியோடு போய், சிலைமேல் இருந்த புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாராம்.

டாலிவுட்னு ஒரு பார்க் இருக்கே, பேரை மட்டும் கொடுத்திருக்காங்களா?

பேர் மட்டும் இல்லை, பங்குதாரர். பிஜன் ஃபோர்ஜில் ஏற்கெனவே இருந்த பூங்காவில் 1986இல் சேர்ந்தார். சொந்த ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அங்கே வேலை. 2016 இறுதியில் அந்த மலைப்பகுதியில் காட்டுத்தீ வந்து வீடுகள் எரிந்தபோது, வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆறு மாதம், மாதம் 1,000 டாலர் என்று அறிவித்தார். கடைசி மாதம் தொகையைக் கூட்டி 5,000 ஆகக் கொடுத்தார்.

கொரோனா தடுப்பூசியை இவங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சே?

கண்டுபிடித்தது விஞ்ஞானிகள். 2020 ஏப்ரலில் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஆராய்ச்சிக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். அதில் ஒரு பகுதி மாடர்னா தடுப்பூசியின் தொடக்கக்கட்ட ஆய்வுக்கு உதவியது. ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் அவர் பெயர் இருக்கிறது. பணம் கொடுத்தேன் என்று முன்னால் போய் நிற்காமல், தன் முறை வரும்வரை காத்திருந்து 2021 மார்ச்சில்தான் ஊசி போட்டுக்கொண்டார்.

குளோனிங் ஆட்டுக்குட்டி டாலிக்கு இவங்க பேரா?

ஆமாம். 1996இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அந்த ஆடு, ஒரு செம்மறியின் பால்மடி உயிரணுவிலிருந்து உருவானது. அதை வைத்து ஆராய்ச்சியாளர்கள் செய்த கேலி அது. டாலி பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

அவங்க எந்தக் கட்சி?

சொல்லமாட்டார். அவர் கச்சேரியில் எல்லாத் தரப்பு ரசிகர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்க அதிபரின் உயரிய சிவில் விருதை டிரம்ப் காலத்தில் இரண்டு முறை மறுத்தார். ஒருமுறை கணவருக்கு உடம்பு சரியில்லை, இன்னொருமுறை கொரோனாவால் பயணம் செய்யவில்லை. அப்புறம் பைடன் காலத்தில் வாங்கினால் அரசியல் ஆகிவிடுமே என்று தயங்கினார். 2021இல் டென்னசி தலைநகரில் சிலை வைக்க மசோதா வந்தபோது, இந்தச் சமயத்தில் என்னைப் பீடத்தில் ஏற்றுவது சரியில்லை என்று அவரே நிறுத்தச் சொன்னார். கட்சி சொல்லாவிட்டாலும் எல்லாவற்றிலும் வாய்மூடி இருந்தவர் இல்லை. 2020இல் கறுப்பின மக்களின் உயிரும் முக்கியம்தான் என்று வெளிப்படையாகப் பேசினார்.

சரி, நான் இதுவரை கேட்டதே இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?

1971ஆம் ஆண்டு 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' ஆல்பத்திலிருந்து. அப்புறம் 1973இல் வந்த 'மை டென்னசி மவுண்டன் ஹோம்'. அதன் தொடக்கத்தில், நாஷ்வில் வந்த புதிதில் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை அவரே வாசிப்பார். அதற்கடுத்து 'ஜோலீன்', 'டிரியோ', 'தி கிராஸ் இஸ் ப்ளூ'.

ஒரே ஒரு பாட்டுதான் கேட்பேன் என்றால் 'ஜோலீன்'. ஹெட்போனில் கேளுங்கள். முதல் சில நொடி கித்தார் மட்டும் ஓடும், பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்தப் பெயரை நான்கு தடவை கூப்பிடுவார்.